பெரியப்பா, பில்டை உடைச்சுட்டேன்!

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. காபியும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. தம்பி பையன். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இரண்டு வருஷமாக வேலை பார்க்கிறான். சேர்ந்த புதிதில் தினமும் பேசியவன், இப்போதெல்லாம் ஏதாவது வம்பில் மாட்டிக்கொண்டால்தான் கூப்பிடுவான்.

"பெரியப்பா, பில்டை உடைச்சுட்டேன்" என்றான், அழாத குறையாக.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. என் மனைவி சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். "என்னங்க, எந்த பில்டிங்கை உடைச்சான்? வாடகை பில்டிங்கா, கம்பெனியோட சொந்த பில்டிங்கா? நஷ்டஈடு யார் கட்டறது?"

அவளைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு விஷயத்தைக் கேட்டேன். அவன் சொன்னதைப் புரிகிற மாதிரி சொல்லிவிடுகிறேன்.

பில்ட் என்பது கட்டடம் இல்லை. பத்துப் பேர் தனித்தனியாக எழுதிய புரோகிராம் துண்டுகளை ஒன்றாகச் சேர்த்து, ஓடக்கூடிய ஒரே சாமானாக ஆக்கும் வேலை. தம்பி பையன் இருக்கும் குழு, தொழிற்சாலைகளுக்குச் சம்பளக் கணக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறது. யாராவது ஒரு வரியை மாற்றி உள்ளே அனுப்பினால் போதும். ஒரு கம்ப்யூட்டர் உடனே எல்லார் துண்டையும் சேர்த்து, ஆயிரக்கணக்கான டெஸ்ட்களை ஓட்டிப் பார்க்கும். எல்லாம் சரியென்றால் பச்சை. ஒன்று தவறினாலும் சிவப்பு.

டெஸ்ட் என்றால் பெரிய வித்தை இல்லை. விடை தெரிந்த கேள்வி, அவ்வளவுதான். 'மாதம் 20,000 ரூபாய் சம்பளம், 26 நாள், நாளைக்கு 8 மணி நேரம். இந்த ஆள் 7 மணி நேரம் ஓவர்டைம் செய்தால், இரட்டைச் சம்பளக் கணக்கில் எவ்வளவு?' விடை 1,346 ரூபாய் 15 பைசா. புரோகிராம் அதையே சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது 1,346 ரூபாய் 10 பைசா என்று சொல்லியது. சிவப்பு!

"அஞ்சு பைசா பெரியப்பா! இருபத்தஞ்சு பைசாவே 2011-லேர்ந்து செல்லாது. அஞ்சு பைசாவுக்கு சிவப்பு லைட் போட்டு பத்துப் பேர் வேலையை நிறுத்தி வெச்சிருக்கு. என் மெஷின்ல ஓட்டினா பச்சைதான் வருது. ராத்திரி ஒன்பதரைக்குக் கிளாம்பாக்கத்துல கும்பகோணம் பஸ். நாளன்னிக்குக் காலைல ஃபிரண்டு கல்யாணம். அந்த ஒரு டெஸ்டை மட்டும் ஸ்கிப் பண்ணிட்டுக் கிளம்பிடட்டுமா? திங்கட்கிழமை பாத்துக்கலாம்..."

"கூடவே கூடாது!" என்று கத்தினேன். காபி வேட்டியில் கொட்டியது. சமையலறையிலிருந்து மறுபடி கரண்டி எட்டிப் பார்த்தது.

அப்படிக் கத்துவதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், எங்கள் காலத்தில் இந்தச் சிவப்பு விளக்கு இல்லாமல் என்ன பாடுபட்டோம் என்று தெரிந்தால்தான் நியாயம் புரியும்.

1995. நாங்கள் ஐந்து பேர். ஒரு தொழிற்சாலைக்கு இதே சம்பளக் கணக்கு. ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதினோம். வருகைப் பதிவு எனக்கு, ஓவர்டைம் இன்னொருவருக்கு, பிடித்தம் மூன்றாமவருக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு மேஜையில் ஆறு மாதம் தவம் செய்தோம். ஏழாவது மாதம் முதல் வாரத்தில் அவரவர் ஃபிளாப்பியைக் கொண்டு வந்து சேர்ப்பதாகத் திட்டம். சேர்க்க ஒரு வாரம் என்று சார்ட்டில் கட்டம் போட்டிருந்தார் மானேஜர்.

ஒன்பது வாரம் ஆனது.

நான் தொழிலாளியின் நம்பரை 1 என்று வைத்திருந்தேன். பிடித்தக்காரர் 001 என்று வைத்திருந்தார். நமக்கு இரண்டும் ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு ஆள். நான் ஓவர்டைமை 2.30 என்று எழுதினேன். இரண்டு மணி முப்பது நிமிஷம் என்று அர்த்தம். ஓவர்டைம்காரர் அதை வாங்கி 2.3 மணி என்று பெருக்கினார். அது இரண்டு மணி பதினெட்டு நிமிஷம். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. என்னையும் சொல்ல முடியாது. இரண்டு பேரும் அவரவர் மேஜையில் சரி. சேர்ந்தால் தப்பு! இந்த 2.30 மறுபடி வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணச் சமையல் செய்கிறவரைப் பாருங்கள். பருப்பு வெந்ததும் ஒரு பார்வை, புளி விட்டதும் ஒரு சொட்டு உள்ளங்கையில், உப்புப் போட்டதும் இன்னொரு சொட்டு. இலை போட்டு சம்பந்தி உட்கார்ந்த பிறகு முதல் தடவையாக ருசி பார்க்கிறவரை யாராவது இரண்டாவது முகூர்த்தத்துக்குக் கூப்பிடுவார்களா? நாங்கள் ஆறு மாதம் சமைத்துவிட்டு இலையில் பரிமாறிய பிறகுதான் உப்பு பார்த்தோம்.

இந்த மாதிரி அசட்டுத்தனம் ஐந்து பேர் சேர்ந்த சின்னக் கும்பலுக்குத்தான் வரும் என்று ரொம்ப நாள் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். 1999 செப்டம்பரில் அமெரிக்கா என் வெட்கத்தைப் போக்கியது.

மார்ஸ் க்ளைமேட் ஆர்பிட்டர் என்று ஒரு விண்கலம். நாஸா 1998 டிசம்பர் 11-ம் தேதி ஏவியது. செவ்வாய்க் கிரகத்தைச் சுற்றி வந்து அங்கே வானிலை எப்படி என்று சொல்ல வேண்டியது. போகும் வழியில் அவ்வப்போது சின்ன ராக்கெட்டுகளைக் கொளுத்தி நிலையைச் சரிசெய்துகொள்ளும். அந்த உந்தல் ஒவ்வொன்றும் எவ்வளவு என்று கணக்குப் போடும் புரோகிராம், விண்கலத்தைக் கட்டிய லாக்ஹீட் மார்ட்டின் கம்பெனியுடையது. அந்த எண்ணை வாங்கிப் பாதையைக் கணிக்கிறவர்கள் கலிஃபோர்னியாவில் ஜெட் புரொபல்ஷன் லேபாரட்டரிக்காரர்கள். கொடுத்தவர்கள் பவுண்டுக் கணக்கில் கொடுத்தார்கள். வாங்கியவர்கள் நியூட்டன் கணக்கு என்று நினைத்து வாங்கினார்கள். ஒரு பவுண்டு விசை என்பது சுமார் 4.45 நியூட்டன். ஆக, ஒவ்வொரு தடவையும் நான்கு மடங்குக்கு மேல் தப்பு.

ஒன்பது மாதப் பயணத்தில் இந்தத் தப்பு துளித்துளியாகச் சேர்ந்தது. செவ்வாயின் தரையிலிருந்து சுமார் 226 கிலோமீட்டர் உயரத்தில் போயிருக்க வேண்டிய கலம், சுமார் 57 கிலோமீட்டரில் போயிற்று. செப்டம்பர் 23-ம் தேதி கிரகத்துக்குப் பின்னால் மறைந்தது. திரும்பி வரவேயில்லை. கிட்டத்தட்ட பன்னிரண்டரைக் கோடி டாலர் கலம்! வழியிலேயே பாதை கணிப்பவர்கள் சிலருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. ஆனால் அதை முறைப்படி எழுதிப் பின்தொடரவில்லை. விசாரணைக் குழு தேடியபோது தெரிந்தது: அந்த இரண்டு துண்டுகளையும் ஒன்றாகக் கோத்து, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை சரியாக ஓட்டிப் பார்த்திருக்கவில்லை.

என்னுடைய 2.30 தான், கொஞ்சம் பெரிய சைஸில்!

சரி, இதற்கு மருந்து என்ன? சேர்ப்பதுதான் வேதனை என்றால், எல்லோருக்கும் முதலில் தோன்றுவது 'கூடிய வரை தள்ளிப் போடு' என்பது. மருந்து நேர் எதிர். வேதனையாக இருக்கிறதா? தினமும் செய். முடிந்தால் மணிக்கொரு தடவை செய். தினம் பல் தேய்க்கிறவனுக்குப் பல் டாக்டரிடம் அதிகம் வேலையில்லை என்பது மாதிரி.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர்களில் மைக்ரோசாஃப்ட் ஒன்று. 1993-ல் வெளிவந்த விண்டோஸ் என்.டி.யின் முதல் பதிப்பில் 56 லட்சம் வரிகள், 40,000 ஃபைல்கள். எல்லாவற்றையும் சேர்த்து முழு பில்ட் போட, பல மெஷின்களை ஓட்டியும் 19 மணி நேரம் வரை பிடித்ததாம். அப்படியும் தினம் ஒரு பில்ட் போட்டே தீர்ந்தார்கள். ஸ்டீவ் மெக்கானல் என்கிற எழுத்தாளர் 1996-ல் இந்தத் தினசரி வழக்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பில்டை உடைத்தவருக்குச் சில குழுக்கள் கொடுத்த தண்டனைகளையும் அதில் சொல்லியிருக்கிறார். ஒரு இடத்தில் அவர் அறைக் கதவில் குச்சி மிட்டாய் ஒட்டுவார்கள். சரிசெய்கிற வரை எடுக்கக் கூடாது. இன்னொரு இடத்தில் ஐந்து டாலர் அபராதம். வேறொரு இடத்தில் தலையில் ஆட்டுக் கொம்பு மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும்!

தினம் ஒரு தடவை என்பதை நாளில் பல தடவை என்று ஆக்கியதில் கென்ட் பெக்குக்குப் பங்கு உண்டு. 1996-ல் கிரைஸ்லர் கார் கம்பெனியில் ஒரு சாஃப்ட்வேர் தடுமாறிக்கொண்டிருந்தபோது அவரைக் கூப்பிட்டார்கள். என்ன சாஃப்ட்வேர் என்று நினைக்கிறீர்கள்? சம்பளக் கணக்கு! உலகத்தில் எல்லாத் துயரமும் சம்பளக் கணக்கில்தான் ஆரம்பிக்கிறது. அங்கே பழகிய வழக்கங்களையெல்லாம் தொகுத்து 1999-ல் 'எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்' பற்றிப் புத்தகம் எழுதினார். சேர்ப்பதற்கென்று தனியாக ஒரு கம்ப்யூட்டர். சில மணி நேர வேலை முடிந்ததும் அங்கே போய்ச் சேர்க்க வேண்டும். எல்லா டெஸ்டும் தேறுகிற வரை எழுந்திருக்கக் கூடாது. தொண்ணூற்றொன்பது சதவிகிதம் என்பதெல்லாம் பரீட்சையில் செல்லும், இங்கே செல்லாது.

நேர்மையாக ஒன்று சொல்லிவிட வேண்டும். அந்தக் கிரைஸ்லர் சாஃப்ட்வேர் 1997-ல் சுமார் பத்தாயிரம் பேருக்குச் சம்பளம் போட ஆரம்பித்தது. ஆனால் எல்லா ஊழியர்களுக்கும் போய்ச் சேர்வதற்கு முன்பே 2000-த்தில் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். டெஸ்ட் எல்லாம் பச்சையாக இருப்பதால் மட்டும் ஒரு கம்பெனியின் மனசும் பணமும் பச்சையாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. கேட்ட கேள்விக்குத்தான் டெஸ்ட் பதில் சொல்லும். கேட்காத கேள்விக்குச் சொல்லாது.

ஆனால் வழக்கம் மட்டும் பிழைத்துக்கொண்டது. 2000-த்தில் மார்ட்டின் ஃபௌலர் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். 2001 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்தின் ஸ்னோபேர்டு என்ற பனிச்சறுக்கு விடுதியில் பெக், ஃபௌலர் உட்பட 17 பேர் கூடி 'அஜைல்' அறிக்கையை வெளியிட்டார்கள். சுருக்கமாகச் சொன்னால், ஒரு வருஷத்துக்குத் திட்டம் போட்டுவிட்டு வருஷக் கடைசியில் விழிக்காதே. சின்னச் சின்னதாகச் செய், செய்ததைக் காட்டு, கேட்டுத் திருத்து. அதற்குக் கன்டின்யுவஸ் இன்டக்ரேஷன் முதுகெலும்பு மாதிரி. 'தொடர் ஒருங்கிணைப்பு' என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன். வங்கிகளை இணைக்கிற அரசாணை மாதிரி இருக்கிறது. தம்பி பையனின் ஆபீஸில் 'சி.ஐ.' என்கிறார்கள். அது போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்கிறது. உங்களுக்கு எது பயமில்லையோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்காகப் பெரிய சாதனம் வேண்டும் என்று மானேஜரிடம் மனுப் போடாதீர்கள். ஜேம்ஸ் ஷோர் என்பவர் 2006-ல் ஒரு மலிவு வழி சொன்னார். வேண்டியவை: பழைய கம்ப்யூட்டர் ஒன்று, ரப்பர் கோழி பொம்மை ஒன்று, மேஜை மணி ஒன்று. கோழி யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் சேர்க்கலாம். சேர்த்து எல்லா டெஸ்டும் தேறிவிட்டால் மணியை அடித்துவிட்டுக் கோழியைத் திரும்ப வைக்க வேண்டும். அவ்வளவுதான்! கோழி இல்லாத ஆபீஸில் மானேஜரின் பேப்பர் வெயிட்டை உபயோகிக்கலாம். விஷயம் மெஷினில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது என்பதுதான் அவர் சொல்ல வந்தது.

மெஷின் கதையும் சுவாரசியம்தான். கோசுகே கவாகுச்சி என்று ஒரு ஜப்பானியர், சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்தார். அடிக்கடி பில்டை உடைத்து, சக ஊழியர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாராம். அவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நாமே கண்டுபிடித்துவிட்டால் என்ன என்று 2004 வாக்கில் 'ஹட்சன்' என்று ஒரு புரோகிராம் எழுத ஆரம்பித்தார். பிறகு சன் கம்பெனியை ஆரக்கிள் வாங்கியது, பெயர் யாருக்குச் சொந்தம் என்று தகராறு வந்தது, 2011-ல் பெயரை மாற்றி 'ஜென்கின்ஸ்' என்று வைத்தார்கள். வெள்ளைக்காரன் வீட்டு பட்லருக்கு வைக்கிற பெயர். உலகம் பூரா எத்தனையோ ஆபீஸ்களில் அந்த பட்லர்தான் ராத்திரி பகலாகப் புரோகிராம்களைச் சேர்த்துப் பார்த்துச் சிவப்பு, பச்சை சொல்லியிருக்கிறார். திட்டு வாங்கியவர் ஒருவர் செய்த உபகாரம்!

வாசக நண்பர்களே, உங்களில் பலர் இதே வேலையில் இருப்பீர்கள். 'எங்க ஆபீஸ்லயும் இதெல்லாம் இருக்கு சார், ஆனாலும் உருப்படலையே' என்று முணுமுணுப்பது கேட்கிறது. இருப்பது வேறு, நடப்பது வேறு. இது கெட்டுப்போகிற வழிகள் மூன்று.

ஒன்று, மந்தம். ஒரு தடவை ஓட மூன்று மணி நேரம் ஆனால் யார் காத்திருப்பார்கள்? வாரத்துக்கு ஒரு தடவை சேர்க்க ஆரம்பிப்பார்கள். மறுபடி என் ஃபிளாப்பிக் காலம். பத்து நிமிஷத்துக்குள் பில்டும் டெஸ்டும் முடிய வேண்டும் என்பது பெக் சொன்ன கணக்கு. ஒரு டீ குடித்துவிட்டு வருகிற நேரம்.

இரண்டு, 'புலி வருது' கதை. சில டெஸ்ட்கள் காரணமே இல்லாமல் இன்றைக்குத் தேறும், நாளைக்குத் தவறும். நாலு தடவை பொய்யாகச் சிவப்பு எரிந்தால், ஐந்தாவது தடவை நிஜமாக எரிகிறபோது, 'அது அப்படித்தான் எரியும், இன்னொரு வாட்டி ஓட்டு' என்பார்கள். பொய் சொல்லும் டெஸ்டைத் திருத்து, முடியாவிட்டால் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத் தூக்கு. நடு வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதே.

மூன்றாவதுதான் மகா கெடுதல். விளக்கு நிஜத்தைச் சொல்கிறபோது அதன் வாயைப் பொத்துவது. ஒரே ஒரு வரி. 'இந்த டெஸ்டை விட்டுவிடு.' உடனே பச்சை. பஸ்ஸைப் பிடிக்கலாம். பாஸைச் சமாளிக்கலாம். ஆட்டுக் கொம்பு மாதிரியான தண்டனைகள் வேடிக்கையாக இருந்தாலும் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காததற்கு இதுதான் காரணம். உடைத்தால் அவமானம் என்று ஆக்கினால், மனிதன் உடைக்காமல் இருக்க மாட்டான். உடைத்ததை மறைக்கக் கற்றுக்கொள்வான்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? மறைத்தவன் நான்.

தம்பி பையனிடம் அன்றைக்கு நான் சொன்னது இதுதான்: "டெஸ்டைத் தொடாதே. உன் மாற்றத்தைத் திரும்ப எடுத்துடு. காலைல இருந்த மாதிரி ஆக்கிட்டு, எல்லாருக்கும் ஒரு வரி எழுதிட்டுக் கிளம்பு. பத்து நிமிஷத்துல சரிபண்ண முடியாததைத் திரும்ப எடுக்கறதுல ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை." எடுத்தான். ஏழு மணிக்குப் பச்சை. ஒன்பதரைக்குப் பஸ்.

பத்தேகாலுக்கு ஜன்னலோர சீட்டிலிருந்து மறுபடி போன். "அது சரி பெரியப்பா, ஏன் அப்படிக் கத்தினீங்க?"

சொன்னேன்.

1995. ஒன்பது வாரம் தாண்டி ஒருவழியாக எல்லாம் சேர்ந்தது. அது தீபாவளி மாதம். மறுநாள் நானூறு பேருக்குச் சம்பளச் சீட்டு கொடுத்தாக வேண்டும். எங்கள் புரோகிராமில் ஒரு சரிபார்ப்பு உண்டு. ஓவர்டைமின் மொத்த நேரத்தைத் தொழிற்சாலை குமாஸ்தா கையால் கூட்டிக் கொடுப்பார். எங்கள் மொத்தத்தோடு அது ஒத்துவராவிட்டால் அச்சடிக்காமல் நின்றுவிடும். அன்றைக்கு ராத்திரி பதினொரு மணிக்கு நின்றுவிட்டது. 'மொத்தம் ஒத்துவரவில்லை.' இன்றைய மொழியில் சொன்னால், சிவப்பு.

குமாஸ்தா கூட்டலைத் தப்பாகப் போட்டிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஃபாக்ஸ்ப்ரோவில் ஒரு வரிக்கு முன்னால் நட்சத்திரக் குறி போட்டால், கம்ப்யூட்டர் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். சரிபார்க்கிற வரிக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் போட்டேன். பிரின்டர் கரகரவென்று ஓட ஆரம்பித்தது. நானூறு சீட்டு. கடைசி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் அந்தத் தொழிற்சாலை அக்கவுண்ட்ஸ் ஜன்னலில் ஒரு தொழிலாளி. ஐம்பது வயது இருக்கும். கையில் தினசரி காலண்டரிலிருந்து கிழித்த தாள்கள், பத்து. ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் இரண்டரை, இரண்டரை என்று எழுதியிருந்தார். மொத்தம் இருபத்தைந்து மணி நேரம். எங்கள் சீட்டு இருபத்து மூன்று என்றது.

அவர் சண்டை போட வரவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. "கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுன்னு சொல்றாங்க சார். நான்தான் ரெண்டு மணி நேரம் கூட எழுதிட்டேனா? எங்கேன்னு கொஞ்சம் காட்டுங்க, திருத்திக்கறேன்" என்றார்.

அந்தப் பத்துத் தாள்களையும் வாங்கி எண்ணுவது போலப் பாவனை செய்தேன். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு நிமிஷம். பத்து நாளுக்கு இரண்டு மணி நேரம். என் 2.30. குமாஸ்தாவின் கூட்டல் சரி. அந்த மனுஷரின் பென்சில் சரி. தப்பாக இருந்தது ஒரு நட்சத்திரம்.

"அப்புறம்?" என்றான் தம்பி பையன். பஸ்ஸில் யாரோ சினிமா பாட்டு வைத்திருந்தார்கள்.

"உங்க கணக்குதான் சரி, எங்க தப்புன்னு சொன்னேன். என்ன தப்புன்னு சொல்லலை. சாயங்காலம் யாருக்கும் தெரியாம நட்சத்திரத்தை எடுத்துட்டேன்."

"பணம் கொடுத்தாங்களா?"

"அடுத்த மாசச் சம்பளத்தோட எல்லாருக்கும் சேத்துக் கொடுத்தாங்க."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. தீபாவளி எந்த மாதம் என்று அவன் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

நட்சத்திர விஷயத்தை இது வரை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது உங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரிடமும் சொல்லாதீர்கள்.

திங்கட்கிழமை மத்தியானம் மறுபடி போன். அந்த ஐந்து பைசா அகப்பட்டுவிட்டதாம். சம்பளச் சீட்டில் அழகாகத் தெரிவதற்காக, ஒரு மணி நேரச் சம்பளமான 96.1538 என்பதை இவன் 96.15 என்று வெட்டியிருக்கிறான். அதே மத்தியானம் பக்கத்து சீட்டுப் பெண், ஓவர்டைம் பெருக்கலுக்கு இவன் தரும் எண்ணையே எடுத்துக்கொள்ளும்படி மாற்றியிருக்கிறாள். அவன் மெஷினில் பச்சை, அவள் மெஷினில் பச்சை, சேர்ந்தால் ஐந்து பைசா. இரண்டு பேரும் ஒரு மேஜையில் உட்கார்ந்து இருபது நிமிஷத்தில் சரிபண்ணிவிட்டார்கள். ஒன்பது வாரம் எங்கே, இருபது நிமிஷம் எங்கே!

"கல்யாணம் எப்படிடா?" என்றேன்.

"சூப்பர் பெரியப்பா. சாம்பார்லதான் உப்பு ஜாஸ்தி."

போனை வைத்ததும் மனைவி வந்தாள். "என்னங்க, அந்த பில்டிங் என்ன ஆச்சு?"

"பச்சை" என்றேன்.

"பெயின்ட் வேற அடிச்சாங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.